உ.வே.சா. வீட்டுக் கல்யாணக் கடன்

1868ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பதினான்காவது வயது நடந்துகொண்டிருந்தது. பெயர் சாமிநாதன். பெண் மாளாபுரம் கணபதி ஐயரின் மகள் மதுராம்பிகை. மாப்பிள்ளையின் தகப்பனார் வேங்கடசுப்பையர் ஒரு சங்கீத வித்துவான். கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. கல்யாணமோ நிற்கக் கூடாது. கடன் வாங்கித்தான் செய்தார்.

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் சீவக சிந்தாமணியையும் புறநானூற்றையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே. சாமிநாதையர். "தமிழ்த் தாத்தா" என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். ஆற்றில் விட்ட ஏடுகளைத் தேடினார், கரையான் அரித்த சுவடிகளைக் காப்பாற்றினார் என்றெல்லாம் பரீட்சைக்கு எழுதுகிறோம். ஆனால் அந்தக் கல்யாணக் கடன் சில வருடங்கள் அந்தக் குடும்பத்தைத் துரத்தியதும், அதைத் தீர்க்க அவர் படிப்பை நிறுத்திவிட்டுப் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து புராணம் சொன்னதும் பாடப்புத்தகத்தில் இல்லை. அவருடைய "என் சரித்திரம்" நூலில் இருக்கிறது.

உ.வே.சா. என்றதும் கும்பகோணம், திருவாவடுதுறை, சென்னை திருவல்லிக்கேணி என்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும். அவர் பிறந்தது சூரியமூலை, சொந்த ஊர் பாபநாசத்துக்கு அருகில் உள்ள உத்தமதானபுரம். இரண்டுமே காவிரிப் பாசனப் பகுதி. ஆனால் அவருடைய சிறுவயதில் பெரும்பகுதி கழிந்தது கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில். அரியலூர், குன்னம், கார்குடி, செங்குணம், காரை. இந்த ஊர்ப் பெயர்கள் "என் சரித்திர"த்தின் முதல் பகுதி முழுக்க வந்துகொண்டே இருக்கும். (அவர் அரியிலூர் என்றும் செங்கணம் என்றும் எழுதுவார்.) அப்போது இவை எல்லாமே திருச்சிராப்பள்ளி மாவட்டம். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995இல்தான். அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் திரும்பவும் தனி மாவட்டம் ஆனது!

இது வறண்ட பூமி. கரிசல் மண்ணும் செம்மண்ணும். வரகு, கம்பு, சோளம், பருத்தி. வாய்க்கால் பாசனம் கிடையாது. ஏரியும் கிணறும் மழையும்தான். தஞ்சாவூர்ச் சீமையில் நெல் விளையும் ஊரில் வீடும் நிலமும் உள்ள குடும்பம், பிழைப்புக்காக வரகு விளையும் ஊருக்கு ஏன் வந்தது?

காரணம் சங்கீதம். வேங்கடசுப்பையரின் தாயாருக்கு அம்மான் முறை ஆனவர் கனம் கிருஷ்ணையர். பெரிய பாடகர், அவருடைய பதங்கள் இன்றும் பாடப்படுகின்றன. அவர் உடையார்பாளையம் ஜமீனில் இருந்தார். வேங்கடசுப்பையர் அவரிடம் குருகுலவாசமாக இருந்து சங்கீதம் கற்றுக்கொண்டார். பிறகு அரியலூர் ஜமீனின் ஆதரவு கிடைத்தது. உடையார்பாளையமும் அரியலூரும் பழைய பாளையங்கள். ஆங்கிலேயர் வந்த பிறகு படையும் அதிகாரமும் போய், வரி வசூல் செய்து சர்க்காருக்குக் கட்டும் ஜமீன்களாக மிஞ்சியவை. ஆனாலும் வித்துவான்களை வைத்துக் காப்பாற்றும் பழைய வழக்கத்தை அவை விடவில்லை.

இந்த ஆதரவு என்பதை மாதச் சம்பளம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஜமீன்தார் மகிழ்ந்தால் ஒரு சால்வை, சில வராகன். விசேஷம் வந்தால் சன்மானம். ஜமீனுக்கே கஷ்டம் வந்தால் ஒன்றும் கிடையாது. ஒரு வராகன் என்பது மூன்றரை ரூபாய். 1818இல் சென்னை ராஜதானியில் ரூபாய் நாணயம் அதிகாரபூர்வமாக வந்துவிட்டாலும், சன்மானக் கணக்கு மட்டும் ரொம்ப நாள் வராகனிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு எந்த நாணயத்தில் இருந்தால் என்ன, அடுத்த வரவு எப்போது என்று தெரியாது என்பதுதான் இந்தப் பிழைப்பின் பெரிய பிரச்சினை. அரியலூர் ஜமீனின் நிலை தளரத் தளர, வித்துவான்களின் நிலையும் தளர்ந்தது. வேங்கடசுப்பையர் குடும்பம் அரியலூரை விட்டுக் குன்னத்துக்கு நகர்ந்தது.

குன்னத்தில் ஜமீன்தார் கிடையாது. ஊர்க்காரர்கள்தான் ஆதரவு. வேங்கடசுப்பையர் அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைகளைப் பாடி இராமாயணப் பிரசங்கம் செய்வார். பையன் சிதம்பரம் பிள்ளை என்பவரிடம் தமிழ் படித்தான்.

*

வீட்டுச் செலவைக் குறைத்துக் கடனை அடைப்பது என்று இன்று யாராவது பேசினால் உடனே ஒரு பட்டியல் வரும். ஹோட்டல் சாப்பாட்டை நிறுத்து, சினிமாவைக் குறை, பழைய வண்டியையே ஓட்டு... சரி. 1860களில் குன்னத்தில் வாடகைக்கும் இரவலுக்கும் இடையில் குடியிருந்த ஒரு சங்கீத வித்துவான் வீட்டில் எதைக் குறைப்பது?

காப்பி கிடையாது. காப்பி தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஒரு நூலுக்கே "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்று பெயர். காலையில் பழையது. ரயில் செலவு கிடையாது, ஏனென்றால் ரயிலே கிடையாது. விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் அரியலூர் வழியாக வந்ததெல்லாம் 1920களின் கடைசியில். அரியலூரிலிருந்து உத்தமதானபுரம் போக வேண்டுமானால் நடை, இல்லாவிட்டால் யாராவது வண்டியில் இடம் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடச் சம்பளம் என்று பெரிதாக இல்லை. பாடம் சொல்பவர்கள் பெரும்பாலும் பணம் வாங்குவதில்லை. துணி வருடத்துக்கு ஒன்றிரண்டு. மிஞ்சுவது தானியம், உப்பு, எண்ணெய், சொந்த ஊர் நிலத்துக்குக் கிஸ்தி. இதில் எதை வெட்டினாலும் வயிற்றைத்தான் வெட்ட வேண்டும்.

அப்படிப்பட்ட வீடுகளுக்குச் சிக்கனம் என்பது வேறு விதமாக இருந்தது. அவர்கள் சாமான்களைக் குறைக்கவில்லை, ஆட்களைக் குறைத்தார்கள்! அதாவது குடும்பத்தைப் பிரித்துவைத்தார்கள். மனைவி சில மாதம் பிறந்த வீட்டில். பிள்ளை படிக்கிற இடத்தில். புருஷன் எங்கே கச்சேரியோ பிரசங்கமோ கிடைக்கிறதோ அங்கே, அந்த ஊர்க்காரர்கள் போடும் சாப்பாட்டில். கல்யாணம் ஆன சிறு பெண் பெரியவள் ஆகும்வரை பெற்றோர் வீட்டிலேயே இருப்பாள் என்ற வழக்கம்கூட மாப்பிள்ளை வீட்டுக் கணக்கில் ஒரு இலையைக் குறைத்தது. "என் சரித்திர"த்தில் சூரியமூலைக்கும் உத்தமதானபுரத்துக்கும் அரியலூர்ப் பக்கத்துக்கும் இடையே குடும்பம் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும். முதல் தடவை படிக்கும்போது, இவர்கள் ஏன் இப்படி அலைகிறார்கள் என்று அலுப்பாகக்கூட இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த அலைச்சலில் பாதி சிக்கனம் என்று புரியும்.

இவ்வளவு ஒடுக்கி வாழ்ந்த குடும்பம் கல்யாணத்துக்கு மட்டும் ஏன் கடன் வாங்கிச் செலவழித்தது?

இந்தக் கேள்வியை வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரு நூற்றாண்டு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தியக் குடியானவன் ஏன் கடனாளி? கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஊதாரித்தனமாகச் செலவு செய்கிறான், அதனால்தான் என்பது அவர்களில் பலருக்குப் பிடித்தமான பதில். ஆனால் 1875இல் பூனா, அகமத்நகர் மாவட்டங்களில் விவசாயிகள் வட்டிக்காரர்களின் பத்திரங்களைக் கொளுத்திக் கலவரம் செய்தபோது, அதை விசாரித்த ஆணையம் வேறு மாதிரி சொன்னது. கல்யாணச் செலவை அளவுக்கு மீறிப் பெரிதுபடுத்துகிறார்கள். அது எப்போதோ ஒருமுறை வருவது. உணவு, விதை, மாடு, சர்க்கார் தீர்வை என்று திரும்பத் திரும்ப வரும் சின்னச் சின்னக் கடன்கள்தான் குடியானவனை அமுக்குகின்றன என்று அந்த ஆணையம் எழுதியது. சர்க்காரே நியமித்த ஆணையம், சர்க்கார் தீர்வையையும் ஒரு காரணமாகச் சொன்னது கவனிக்க வேண்டிய விஷயம்.

நிலத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அது சரி. வேங்கடசுப்பையர் போன்றவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. அன்றாடச் செலவுக்குக் கடன் கொடுப்பார் இல்லை, அன்றாடச் செலவு அவ்வளவு பெரிதும் இல்லை. மொத்தமாகப் பணம் தேவைப்படும் சந்தர்ப்பம் கல்யாணம் ஒன்றுதான். நான்கைந்து நாள் பந்தி, பெண்ணுக்குக் கூறைப்புடவை, நகை, வாத்தியார்களுக்குத் தட்சிணை, மேளம். அதைக் குறைக்கலாமே என்றால், யார் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடிப் பிழைக்கிறோமோ அவர்கள்தான் கல்யாணத்துக்கும் வருகிறவர்கள். ஊரார் மதிப்புதான் வித்துவானின் முதல். அதைக் குறைத்துக்கொண்டால் அடுத்த பிரசங்கத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஊதாரித்தனமாகத் தெரிவது, உள்ளே இருக்கிறவர்களுக்குத் தொழிலில் போட்ட முதலீடு. (இது எல்லாக் கல்யாணச் செலவுக்கும் சமாதானம் ஆகிவிடாது. பதிமூன்று வயதுப் பையனுக்கு அவ்வளவு அவசரமாகக் கல்யாணம் எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.)

*

கல்யாணம் முடிந்தது. கடன் இருந்தது. பையனின் படிப்பும் எப்படியோ ஓடியது. கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல், செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை. வைணவர் ஒருவரிடம் இலக்கணம், ரெட்டியார் ஒருவரிடம் யாப்பு என்று, யாருக்கு எது தெரியுமோ அவரைத் தேடிப் போய்ப் படித்திருக்கிறார். செங்குணம் இன்றைய பெரம்பலூர் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறிய ஊர். அங்கே காரிகையைப் பாடம் சொல்லும் அளவுக்குப் படித்த ஒரு நிலக்கிழார் 1860களில் இருந்தார் என்பதே ஆச்சரியமான செய்தி.

இவர்களிடம் கற்றதெல்லாம் தீர்ந்துபோன பிறகுதான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போக வேண்டும் என்ற ஆசை. 1871இல் தந்தையும் மகனும் மாயூரம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயும் முதலில் வந்தது செலவுப் பிரச்சினைதான். பிள்ளையவர்கள் பாடத்துக்குப் பணம் வாங்குபவர் இல்லை. மற்ற மாணவர்களுக்குத் தம் வீட்டிலேயே சோறும் போடுவார். ஆனால் பிராமணப் பையன் தம் வீட்டில் சாப்பிட முடியாது என்பதால், ஆகாரத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். ஜாதி ஆசாரத்துக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைச் சாப்பாட்டுச் செலவாக ஏழைத் தகப்பனார் கொடுக்க வேண்டியிருந்தது. எப்படியோ ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொல்லி அவர் மகனைச் சேர்த்துவிட்டார்.

அங்கே படிப்பு அற்புதமாக நடந்தது. அந்தப் பகுதி "என் சரித்திர"த்திலேயே மிகப் பிரபலமானது என்பதால் இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை. இடையில் சாமிநாதனுக்கு அம்மை வார்த்தது. சூரியமூலையில் தாத்தா வீட்டில் கிடந்து பிழைத்தெழுந்தார். உடம்பு தேறியதும் ஆசிரியரிடம் ஓடிவிட வேண்டும் என்றுதான் அவருக்கு ஆசை. ஆனால் வீட்டில் கல்யாணக் கடன் இன்னும் நின்றுகொண்டிருந்தது. தகப்பனாருக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. மகனுக்கோ இப்போது தமிழ் தெரியும். அதுவும் பிள்ளையவர்களிடம் படித்த தமிழ்.

சிக்கனத்தால் இனி ஒன்றும் ஆகாது, மகன் சம்பாதித்தால்தான் கடன் தீரும் என்ற முடிவுக்குக் குடும்பம் வந்தது. எங்கே போவது? பழகிய இடத்துக்குத்தான். மறுபடியும் கொள்ளிடத்தைத் தாண்டிப் பெரம்பலூர்ப் பக்கம். செங்குணத்து விருத்தாசல ரெட்டியாரின் உதவி இருந்தது. காரை என்ற ஊரில் கிருஷ்ணசாமி ரெட்டியார் ஆதரவு கொடுத்தார். அங்கே திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்வது என்று ஏற்பாடு ஆயிற்று.

புராணப் பிரசங்கம் எப்படி நடக்கும் என்று இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. டி.வி. தொடர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் காட்டு வேலை முடிந்து ஜனங்கள் வந்து கூடுவார்கள். கோயில் மண்டபத்திலோ பெரிய வீட்டுத் திண்ணையிலோ விளக்கை வைத்து, பாட்டைப் படித்து, பதம் பிரித்து, பொருள் சொல்லி, நடுநடுவே கிளைக்கதைகள் சேர்த்து, மறுநாளும் வர வைக்கும்படியான இடத்தில் நிறுத்த வேண்டும். பரஞ்சோதி முனிவர் எழுதிய திருவிளையாடற் புராணத்தில் அறுபத்துநான்கு கதைகள். அவசரப்படாமல் சொன்னால் மாதக்கணக்கில் ஓடும். அத்தனை நாளும் பிரசங்கம் செய்பவருக்கு இடமும் தானியமும் ஊர்ப் பொறுப்பு. கடைசி நாள் பூர்த்தி விழா. அன்றைக்குத்தான் ஊர்க்காரர்கள் அவரவர் சக்திக்குத் தக்கபடி பணம், துணி என்று சேர்த்துக் கொடுப்பார்கள்.

கடன் கணக்கோடு இதை வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். பிரசங்கம் நடக்கும் மாதங்களில் குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய இல்லை. கடைசியில் கிடைப்பது மொத்தத் தொகை. சில்லறையாக வந்தால் சில்லறையாகப் போய்விடும். மொத்தமாக வந்தால் கடன்காரனிடம் கொண்டுபோய்க் கொடுக்க முடியும். இன்றைக்குச் சீட்டுப் போடுபவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். செலவே இல்லாமல் சில மாதம் வாழ்ந்து, முழு வரவையும் கடனுக்குக் கட்டுவது. வீட்டுச் செலவைக் குறைப்பது என்பதன் உச்சகட்டம் இதுதான் என்று சொல்லலாம்!

காரைப் பிரசங்கத்தில் கிடைத்த பணம் கடனுக்குப் போயிற்று. பாரம் இறங்கிய பிறகு அவர் ஆசிரியரிடம் திரும்பிப் போனார்.

வெறும் குடும்பக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்தது 1876 பிப்ரவரி 1ஆம் தேதி. காரைக்குப் போனது அதற்குச் சில வருடங்கள் முன்பு. கடன் இன்னும் இரண்டு வருடம் இழுத்திருந்தால், அல்லது ஒரு ஊரில் முடிந்ததும் அடுத்த ஊர் என்று புராணம் சொல்வதே பிழைப்பாகியிருந்தால், ஆசிரியர் உயிரோடு இருந்த கடைசிக் காலப் படிப்பு அவருக்குக் கிடைத்திருக்காது. பெரிய வித்துவானிடம் கொஞ்ச காலம் படித்துவிட்டுக் கிராமங்களில் புராணம் சொல்லிக் காலம் கழித்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எதுவும் நமக்குத் தெரியாது.

இன்னொரு தேதியும் உண்டு. 1876இலிருந்து 1878வரை சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் உலுக்கியது. லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். தானிய விலை எங்கோ போய்விட்டது. அந்த நேரத்தில் ஒரு வறண்ட கிராமத்துக்குப் போய் மாதக்கணக்கில் புராணம் சொல்கிறேன், தானியம் கொடுங்கள் என்று கேட்டிருக்க முடியுமா? கடன் அடைந்தது பஞ்சத்துக்கு முந்தைய நல்ல காலத்தில். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியிருந்தது. கரிசல் காட்டுப் பெரிய விவசாயிகள் கையில் பணம் புரள அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

*

இதே காலத்தில் கடனை நேர் எதிராகக் கையாண்ட ஒரு வீடும் இருந்தது. அது ஆசிரியரின் வீடு. மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு வருமானம் வேங்கடசுப்பையரைவிடப் பல மடங்கு. ஊர் ஊராகத் தலபுராணம் பாடச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள். ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் சோறு, மாணவர்களுக்குச் சோறு, கஷ்டம் என்று வந்தவனுக்குக் கையில் இருப்பது. குறைப்பது என்ற பேச்சே அவரிடம் கிடையாது. கடனாளியாகவே இருந்தார், கடனை வைத்துவிட்டே இறந்தார். சிக்கனமான சங்கீதக்காரர் ஒருவர் தம் மகனை, ஊதாரியான புலவர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அந்த ஊதாரித்தனம் இல்லாவிட்டால் அத்தனை ஏழைப் பையன்கள் அங்கே தமிழ் படித்திருக்கவும் முடியாது.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது அந்த இடம் சாமிநாதையருக்குக் கிடைத்தது. மாதம் ஐம்பது ரூபாய். அந்தக் குடும்பத்தில் இந்தத் தேதிக்கு இவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்த வருமானம் வந்தது அப்போதுதான். கடன் அதோடு நின்றுவிடவில்லை, வகை மாறியது. சிந்தாமணி 1887இல், பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல் வந்தன. இவற்றை அச்சிட அவர் பட்ட பணக் கஷ்டம் தனியாக எழுத வேண்டிய கதை. முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பலரிடம் பணம் திரட்டினார்.

இவ்வளவு சொன்ன பிறகு, அதே ஊர்களில் அதே ஆண்டுகளில் கல்யாணத்துக்குக் கடன் வாங்கிய வேறு சிலரைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் கதை பாதியாகிவிடும். பண்ணையாட்கள். நிலமில்லாத, பெரும்பாலும் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஜாதியைச் சேர்ந்தவர்கள். கல்யாணத்துக்காக மிராசுதாரிடம் சில ரூபாய் முன்பணம் வாங்குவார்கள். அந்தக் கடனுக்குத் திருவிளையாடல் சொல்லி விடுதலை கிடையாது. கடன் தீரும்வரை அந்தப் பண்ணையை விட்டுப் போக முடியாது. கூலியோ கடனைத் தீர்க்கப் போதாது. அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளை உழைத்த கதைகள் ராஜதானி முழுக்க உண்டு. அவர்களுக்குச் செலவைக் குறைக்கச் சொல்லிப் புத்தி சொல்வதில் அர்த்தமே இல்லை. சாமிநாதையர் குடும்பம் தப்பித்ததற்கு உழைப்பும் திறமையும் காரணம்தான். ஆனால் அந்தத் திறமையை ஊர் நடுவில் உட்கார்ந்து காட்டுவதற்கு உரிமை இருந்ததும் காரணம். மண்டபத்துக்குள்ளேயே வர முடியாதவன் என்ன பிரசங்கம் செய்ய முடியும்?

சர்க்கார் பக்கத்திலிருந்து ஏதாவது நடக்க ரொம்ப நாள் ஆயிற்று. பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பாவின் கிராம வங்கிகளைப் பற்றிச் சென்னை அரசுக்கு 1890களில் பெரிய அறிக்கை கொடுத்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1938இல் ராஜாஜி முதல்மந்திரியாக இருந்தபோது சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. வாங்கிய அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாக அது சொன்னது. வட்டிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் மத்தியச் சட்டம் வர 1976 ஆயிற்று.

குன்னம் இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் தலைநகரம். காரையைப் புவியியல் படிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்து மண்ணில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன.

1940 ஜனவரியில் "என் சரித்திரம்" ஆனந்த விகடனில் வாராவாரம் வர ஆரம்பித்தது. எழுதியவருக்கு எண்பத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது தொடர் பாதியில் நின்றது. அவர் சொந்த வாழ்க்கையின் கடைசி நாற்பது வருடக் கதை அதில் வரவே இல்லை. ஆனால் எழுபது வருடத்துக்கு முன்னால் சோறு போட்டவர்கள், பாடம் சொன்னவர்கள், பிரசங்கத்துக்கு ஏற்பாடு செய்தவர்கள் பெயரெல்லாம் ஊரோடு சேர்த்து ஒவ்வொன்றாக வந்துவிட்டது. அரியிலூர் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, கார்குடி கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார், காரை கிருஷ்ணசாமி ரெட்டியார்.